திருவையாறு நிரல் வந்தாச்சு, எந்த நாள் போவது?

கர்நாடக இசை மேதை தியாகராஜருக்குத் திருவையாற்றில் அவர் சமாதியில் வருடா வருடம் நடக்கும் ஐந்து நாள் ஆராதனையின் அழைப்பிதழ், யார் எப்போது பாடுகிறார்கள் என்ற நிரலோடு வெளியான நாளிலிருந்து எங்கள் வீட்டில் போன் ஓய்வதில்லை. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு இருந்தால் இது சகஜம். மன்னார்குடிச் சித்தி, கும்பகோணத்து மாமா, சென்னையில் இருக்கும் தம்பி, மூன்று பேருக்கும் ஒரே கேள்விதான்: திருவையாற்றுக்கு எந்த நாள் வந்தால் நல்லது?

கேள்விக்கு முன்னால் ஒரு புலம்பல் வரும். “போன வருஷம் பாடுனவங்கதானேப்பா இந்த வருஷமும்?” இது மாமா. “நான் கேக்கணும்னு நெனச்சவரை ராத்திரி பத்தரைக்குப் போட்டிருக்கு. அப்புறம் நான் எப்ப மன்னார்குடி வந்து சேர்றது?” இது சித்தி. தம்பி எப்போதும் கணக்குப் பேசுவான்: “ஒருத்தருக்கு இருபது நிமிஷம். அதுக்கு நான் முந்நூத்தம்பது கிலோமீட்டர் வரணுமா?”

எதிர்வீட்டில் தவில் வாசிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் ஏக்கம் வேறு. நாகஸ்வரம் மங்கல இசையாகக் காலையில் ஒலிக்கும், சரி. கூட்டம் நிறைந்திருக்கும் சாயங்காலத்திலும் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் என்ன என்பார். வாத்தியம் நரசிங்கம்பேட்டையில் கடைவது, அதை ஊதுகிற நாணல் சீவாளி திருவாவடுதுறையில் கட்டுவது, நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை வாசித்துத் திரிந்த ஊர்களெல்லாம் பக்கத்தில் இருக்கிறது. எனக்கும் அதில் முழுச் சம்மதம்தான். ஆனால் எந்த நாள் போவது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

மற்றப் புலம்பல்களில் பாதி, இதைச் சபா நிரல் மாதிரி படிப்பதால் வருவது. திருவையாற்றில் டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்களும் சன்மானத்துக்காக வருவதில்லை. சமாதிக்கு முன்னால் ஒரு அஞ்சலி, அவ்வளவுதான். ஐந்து நாளில் எத்தனையோ பேருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றால், பெரிய வித்வானுக்கும் ஏறத்தாழ இருபது நிமிடம்தான், போன வருடம் அரங்கேற்றம் முடித்த பிள்ளைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை. ஒன்றில் பாட்டு நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர்கள் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ராகம் தானம் பல்லவி, விஸ்தாரமான ஆலாபனை, தனி ஆவர்த்தனம் எல்லாம் வேண்டுமென்றால் அதற்கு மார்கழியில் சென்னை இருக்கிறது. இங்கே ஒரு ராத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் மாறி மாறிப் பாடக் கேட்கலாம். அந்த ருசி வேறு.

நானும் பல வருடம் சிவப்புப் பேனாவால் பெயர்களை வட்டம் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். ஒருமுறை ஒன்பது இருபதுக்குப் போட்டிருந்தவர் மேடையேறும்போது மணி பத்தேகால். நேரடி ஒளிபரப்பு இருக்கிற வேளையில்தான் கடிகாரம் சொன்னபடி கேட்கும். மற்ற நேரத்தில் நிரல் என்பது உத்தேசம். அதனால் பெயரை வைத்து நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது என் முதல் யோசனை. வேறு எதை வைத்து?

## எதை வைத்துப் பார்ப்பது

முதலில் காது: பாட்டு எவ்வளவு நேரம், எவ்வளவு தெளிவாகக் கேட்கும். பந்தலுக்குள் இருப்பதும் பந்தலுக்கு வெளியே ஸ்பீக்கர் கம்பத்தடியில் நிற்பதும் ஒன்றில்லை.

அடுத்தது முட்டி. இதை யாரும் யோசிப்பதில்லை. பந்தலில் பெரும்பாலும் தரையில்தான் உட்கார வேண்டும். ஓரத்தில் நாற்காலி இருந்தாலும் நமக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. இதோடு கழிப்பறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுபது வயதுக்கு மேல் அதுதான் முதல் கேள்வி.

அப்புறம் போக்குவரத்து, குறிப்பாகத் திரும்பி வருவது. போவது எப்போதும் சுலபம்.

பணம். பாட்டு இலவசம், சுற்றி உள்ள எதுவும் இலவசமில்லை.

கடைசியாக, எதற்குப் போகிறோம் என்பது. பாட்டுக் கேட்கவா, கூடச் சேர்ந்து பாடவா, சமாதியில் ஒரு கும்பிடு போடவா, “நானும் போயிருந்தேன்” என்று சொல்லிக்கொள்ளவா? நாலும் நியாயமான காரணம்தான். ஆனால் நாலுக்கும் நாள் வேறு வேறு.

## பஞ்சமி காலை மட்டும்

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். தியாகராஜர் சித்தியடைந்தது 1847 ஜனவரி 6, புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத்துத் தேய்பிறையின் ஐந்தாம் திதி. அந்தத் திதியில் காலை ஒன்பது மணி வாக்கில் பஞ்சரத்ன கோஷ்டி கானம், அதாவது அவருடைய ஐந்து பெரிய கிருதிகளை எல்லோரும் சேர்ந்து பாடுவது. அதற்கு முன்பே திருமஞ்சன வீதியில் அவர் வாழ்ந்த இடத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை (வீதியில் பாடிக்கொண்டே அரிசி யாசிப்பது) புறப்பட்டுச் சமாதிக்கு வந்து சேரும். இந்த ஊர்வலத்தைத் தவறவிடாதீர்கள். பஞ்சரத்னத்துக்கு இடம் பிடிக்கும் பதற்றத்தில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

காதை வைத்துப் பார்த்தால், உண்மையைச் சொல்கிறேன், நான் சொல்லப்போகும் நாலு வழியில் இதுதான் கடைசி. ஐந்து கிருதியும் சேர்த்து ஒரு மணி நேரம் போல. சமாதிக்கு முன்னால் வித்வான்களும் விதுஷிகளும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே அபிஷேகம் நடந்துகொண்டிருக்கும், பின்னால் நூற்றுக்கணக்கான குரல்கள். ஆளுக்கொரு காலப்பிரமாணம், ஆளுக்கொரு வேகம். நாட்டையில் ‘ஜகதானந்தகாரக’ ஆரம்பிக்கும்போது பந்தலே அதிரும், மயிர்க்கூச்செறியும். கௌளையில் ‘துடுகு கல’ வரும்போது பாதிப் பேர் புத்தகத்தைப் புரட்டுவார்கள். ஆரபியில் மறுபடி உயிர் வரும். வராளியில் ‘கனகனருசிரா’ வந்தவுடன் சத்தம் சட்டென்று தணியும். வராளியைக் குரு சீடனுக்கு நேரில் சொல்லித்தரக் கூடாது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு, அதனால் பாடம் பண்ணாதவர்கள் அதிகம். கடைசியில் ஸ்ரீராகத்தில் ‘எந்தரோ மஹானுபாவுலு’. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள்.

ஆகவே பஞ்சமி காலை பாடப் போகிறவர்களுக்கான வேளை. ஒரு வருடம் என் பக்கத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு. தெலுங்கு சாகித்தியத்தைத் தமிழில் எழுதி, க, ச, த, ப ஒவ்வொன்றின் தலையிலும் குட்டியாக 2, 3, 4 என்று போட்டிருந்தார், எங்கே அழுத்துவது, எங்கே மெலிப்பது என்று தெரிய. எண்கள் மட்டும் சிவப்பு மை. நோட்டைத் திறந்து மடியில் வைத்திருந்தாரே தவிர ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. “பாக்காட்டி என்ன, கூட இருக்கணும்ல” என்றார். அவர் மாதிரி ஆட்களுக்குத்தான் அந்தக் காலை.

என் சித்தியும் அந்த ரகம். ஐந்தும் பாடம். பெண்களுக்கு அங்கே பாட இடமில்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டு அந்தச் சமாதிக்கு மண்டபம் கட்டியும், பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகத்தான் ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. ஆராதனை நடத்துவதில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்திருந்தவர்களும் அம்மையார் தரப்பும் ஒன்றாக ஆனது 1940களின் தொடக்கத்தில்தான். அதற்குப் பிறகு வந்த வழக்கமே எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்னம் பாடுவது. அம்மையாரின் நினைவிடமும் அங்கேயே அருகில் இருக்கிறது. சித்தி முதலில் அங்கே போய் ஒரு முழம் பூ வைத்துவிட்டுத்தான் பந்தலுக்குள் நுழைவாள்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். ஒன்பது மணிப் பாட்டுக்கு உள்ளே இடம் வேண்டுமென்றால் ஆறரைக்காவது அங்கே இருக்க வேண்டும். அப்படியென்றால் தஞ்சாவூரிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு முந்தின நாள் இரவே அறை. இரண்டரை மணி நேரம் இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. எழுந்தால் இடம் போச்சு. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம் என்பதால் உள்ளூர்க் கூட்டமும் சேரும். கார் கொண்டுவந்தால் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். முக்கியப் பிரமுகர்கள் வந்தால் தடுப்புக்கட்டை இன்னும் நாலு கூடும். செருப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நான் இழந்தது இதுவரை மூன்று ஜோடி. இப்போதெல்லாம் மஞ்சள் பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

பஞ்சரத்னம் முடிந்ததும் முக்கால்வாசிக் கூட்டம் கலைந்துவிடும். பஸ் ஏற ஒரு யுத்தம் நடக்கும். நீங்கள் அந்த யுத்தத்தில் சேராமல் பதினோரு மணிக்குமேல் பந்தலிலேயே இருந்தால், காலியான இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து அடுத்தடுத்த கச்சேரிகளைக் கேட்கலாம். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

## நடுவில் ஒரு நாள், சாயங்காலம் முதல் இரவு வரை

என் ஓட்டு இதற்குத்தான். ஒளித்துவைக்க ஒன்றுமில்லை.

தொடக்க விழா நாளில் பேச்சு அதிகம், பாட்டு கம்மி. பஞ்சமிக்கு முந்தின இரவு மறுநாள் காலைக்கு வந்தவர்களெல்லாம் சேர்ந்துவிடுவதால் கூட்டம் ஏறும். இடையில் இருக்கிற இரண்டு நாட்கள்தான் நமக்கு. நாலரை மணிக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினால் ஐந்தரைக்குள் பந்தலில் உட்கார்ந்துவிடலாம். பதிமூன்று கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலம் வரும். மேட்டூரை ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். பஞ்சமி அதற்குள் வந்தால் ஐந்திலும் தண்ணீர் ஓடும், தள்ளி வந்தால் மணலைப் பார்த்துக்கொண்டு போகலாம். சாலைக்கு இரண்டு பக்கமும் சம்பா கதிர் சாய்ந்து நிற்கும்.

காதுக்கு இது நல்ல வழி. மைக் செட்டுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் காற்று இருக்கும். மேடைக்குப் பக்கவாட்டில், இரண்டாவது மேடை தெரிகிற மாதிரி ஒரு இடம் பாருங்கள். நான் அங்கேதான் உட்காருவேன். இந்தப் பக்கம் ஒருவர் ‘நகுமோமு’ பாடிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் விளக்கு குறைந்த மேடையில் அடுத்த செட்டு தயாராகும். மிருதங்கக்காரப் பையன் ஒருவன், பதினாறு பதினேழு வயது இருக்கும், ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலின்) நடுவில் வைத்துக் கட்டைவிரலால் வட்டமாக அமுக்கிக்கொண்டிருந்தான். பனியில் தோல் இறங்கிவிடும். கல்லால் வாரை ஒரு தட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய் ஒரு மீட்டு. பக்கத்து மேடையில் பாட்டு நடப்பதால் பலமாகத் தட்டவும் முடியாது. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்ததும் அந்தச் சத்தத்துக்குள் அவசரம் அவசரமாக நாலு தட்டு தட்டிக்கொண்டான். அடுத்த நிமிடம் விளக்கு அவன் பக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு யார் பாடினார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அந்த நாலு தட்டு மறக்கவில்லை.

பெயர் தெரியாதவர்களிடம்தான் ஆச்சரியம் கிடைக்கும் என்பது இத்தனை வருட அனுபவம். எங்கேயோ ஒரு சின்ன ஊரில் பாட்டு வாத்தியாராக இருப்பவர், வருடத்தில் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகவே ஒரு கிருதியைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டு வருவார். அடிக்கடி கேட்காத ராகமாக இருக்கும். பெரியவர்கள் பலர் அந்த வேளையில் பழகிய உருப்படியோடு நிறுத்திக்கொள்வார்கள். தப்பில்லை, அன்றைக்கே அவர்களுக்கு அடுத்த ஊரில் கச்சேரி இருக்கலாம்.

இதில் வரும் இடைஞ்சல் எல்லாம் இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான். பனி இறங்கும். மங்கிக் குல்லாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் பத்தரைக்கு அதைக் கடன் கேட்பார்கள். கச்சேரி பதினோரு மணி வாக்கில் முடியும். பஸ் அதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிடும். ஒரு வருடம் “இந்த ஒரு பாட்டு மட்டும்” என்று உட்கார்ந்து, பஸ்ஸை விட்டு, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, அவர் கேட்ட நானூறு ரூபாயை முன்னூற்றைம்பதாக்கியதைப் பெரிய வெற்றியாக நினைத்துக்கொண்டு வீடு வந்தேன். மறுநாள் யோசித்தால், போகும்போது கொடுத்த பஸ் காசு நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. நாலு பேராகப் போனால் திரும்புவதற்கும் சேர்த்து ஒரு வண்டி பேசிவிடுங்கள், ஆளுக்குப் பெரிதாக வராது. தனியாகப் போகிறவர்கள் ஒன்பதரைக்கு எழுந்துவிட வேண்டும், எவ்வளவு பெரிய பெயர் பாக்கி இருந்தாலும்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி, அரியலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு, வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு, குழந்தையை முதல்முறையாகக் கச்சேரிக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. குழந்தைக்கு ஒருவர் பிடிக்கவில்லை என்றால் இருபது நிமிடத்தில் அடுத்தவர் வந்துவிடுவார். நடுவில் வெளியே போய் அசோகா வாங்கித் தரலாம். பாசிப்பருப்பு, கோதுமை மாவு, நெய், சர்க்கரை. வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துத் தருவார்கள். நெய் விரல் வழியாக முழங்கைக்கு வரும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஐந்து நாளும் தங்கிக் கேட்பது

கொடுத்துவைத்தவர்களுக்கான வழி. ஓய்வுபெற்றவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள், இசை படிக்கிற மாணவர்கள். பாட்டு ஏராளம், இடம் மெதுவாகப் பழகிவிடும், மூன்றாம் நாள் உங்களுக்கென்று ஒரு தூண் சொந்தமாகியிருக்கும்.

செலவில் பெரிய பங்கு அறை வாடகை. திருவையாற்றிலேயே அறை கிடைப்பது கஷ்டம், பெரும்பாலும் தஞ்சாவூர்தான். இங்கே ஒரு எச்சரிக்கை. திதியை ஒட்டிய விழா என்பதால் தேதி வருடா வருடம் நகரும். 2025இல் பொங்கலன்று தொடங்கி ஜனவரி 18 பஞ்சமியில் முடிந்தது. அப்படிப் பொங்கலோடு மோதினால் அறை, ரயில், பஸ் மூன்றும் சேர்ந்து காலை வாரும். தம்பி ஒருமுறை போனிலேயே அறை சொல்லிவைத்துவிட்டு நிம்மதியாக வந்தான். வந்து நின்றால், “அது பழைய ரேட்டு சார், இது சீசன் ரேட்டு” என்றார்கள். ஐந்து நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுத்தான். அதிலிருந்து அவன் முன்பணம் கட்டி ரசீது வாங்காமல் கிளம்புவதில்லை. எங்கள் கூடம் அவனுக்கு இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

இன்னொன்று: ரயிலில் முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும். அழைப்பிதழ் கையில் வரும்போது உழவன் எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியல்தான் மிச்சமிருக்கும். பஞ்சமி என்றைக்கு என்பது பஞ்சாங்கத்தில் ஒரு வருடம் முன்பே இருக்கிறது. நிரலுக்குக் காத்திருக்காமல் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள், யார் எப்போது பாடுகிறார்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து நாளும் பந்தலிலேயே கிடப்பது யாராலும் ஆகாது. மூன்றாம் நாளுக்குமேல் காது மரத்துவிடும், எந்தப் பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்கும். காலை நேரத்தைக் கோயிலுக்குக் கொடுக்கலாம். ஐயாறப்பர் கோயில் வெளிப்பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று “ஐயாறா” என்று கூப்பிட்டால் ஏழு முறை திரும்பிக் கேட்கும் என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் அங்கே நின்று தங்கள் பெயரைக் கத்திப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். சப்தஸ்தானம் என்கிற ஏழூர்க் கோயில்களில் தில்லைஸ்தானமும் திருப்பழனமும் கூப்பிடு தூரம். தில்லைஸ்தானத்துக்குப் போவதில் இன்னொரு நியாயமும் உண்டு: தியாகராஜரின் சீடர் பரம்பரைகளில் ஒன்று அந்த ஊர்ப் பெயரோடுதான் வழங்குகிறது.

## வீட்டிலிருந்தே

இதைக் குறைவாகப் பேசுவது ஒரு மோஸ்தர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பஞ்சரத்னத்தை மட்டும், வார்த்தை வார்த்தையாகக் கேட்க வேண்டும் என்றால் வீடுதான் சரி. வானொலியிலும் டிடி தமிழிலும் நேரடியாக வரும். முன்வரிசைக் குரல்கள் மைக்கில் நேராக விழுவதால், பந்தலில் பின்வரிசையில் இருப்பவனுக்குக் கேட்காத சங்கதியெல்லாம் வீட்டில் கேட்கும். புத்தகத்தை வைத்துக்கொண்டு கூடவே பாடலாம். தப்பாகப் பாடினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டில் கேட்பதற்கும் ஒரு விலை உண்டு. எங்கள் வீட்டில் ஆரபிக்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிடும். வராளியில் கேஸ்காரர் மணி அடிப்பார். போனில் பார்க்கிறவர்களுக்கு நடுவில் விளம்பரம் வந்து ‘எந்தரோ’வை இரண்டாக வெட்டும். வானொலிப் பெட்டி இருந்தால் அதுவே மேல். பழைய பெட்டியாக இருந்தால் இன்னும் மேல்.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் இதை இரண்டாந்தரமாக நினைக்கத் தேவையில்லை. ராத்திரிக் கச்சேரிகள் எல்லாமே இப்படிக் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | பஞ்சமி காலை | நடுநாள் இரவு | ஐந்து நாளும் | வீட்டில் |
|---|---|---|---|---|
| பாட்டு தெளிவாகக் கேட்குமா | உள்ளே இடம் கிடைத்தால் | நன்றாக | நன்றாக. மூன்றாம் நாள் சலிக்கும் | பஞ்சரத்னம் மட்டும் மிக நன்றாக |
| முட்டிக்கும் இடுப்புக்கும் | கஷ்டம், எழ முடியாது | எழுந்து நடக்கலாம் | ஓய்வு எடுத்தால் தாங்கும் | கவலையில்லை |
| திரும்பி வருவது | மதியம் நெரிசல் | ஒன்பதரைக்குமேல் சிக்கல் | தினமும் ஒரு யோசனை | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | முந்தின இரவு அறை, செருப்பு | திரும்பும் ஆட்டோ, சால்வை | சீசன் வாடகை, சாப்பாடு | குக்கர் விசில் |
| யாருக்கு | பாடத் தெரிந்தவர், வேண்டுதல் உள்ளவர் | உள்ளூர்க்காரர், குழந்தைகளோடு வருபவர் | விடுமுறை உள்ளவர், மாணவர் | முடியாதவர், வார்த்தை கேட்பவர் |

பாடவும் வேண்டும், கூட்டமும் ஆகாது என்பவர்கள் அட்டவணையில் எங்கேயும் உட்கார மாட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்வது வேறு: ஆராதனை முடிந்து பந்தல் பிரித்த பிறகு, ஏதாவது ஒரு சாதாரணக் கிழமையில், காலை ஏழு மணிக்குச் சமாதிக்குப் போங்கள். அர்ச்சகரும் இரண்டு மூன்று பேரும் இருப்பார்கள். படித்துறையில் யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். மைக் இல்லை, மேடை இல்லை. தெரிந்த ஒரு கிருதியைக் குரலைத் தணித்துப் பாடிவிட்டு வரலாம். நான் பாடத் தெரியாதவன், உட்கார்ந்துவிட்டு வருவேன்.

## எங்கள் வீட்டில் என்ன முடிவு

மாமாவுக்கு நடுநாள் இரவு என்று சொல்லியாகிவிட்டது. கும்பகோணத்திலிருந்து வடகரைச் சாலையில் நேராக வந்துவிடுவார், அவரிடம் கார் இருக்கிறது, திரும்புவதற்குப் பயமில்லை. “அதே பேருங்க” என்று இன்னும் முணுமுணுக்கிறார். பெயர் தெரியாதவர்களைக் கேளுங்கள் மாமா என்றேன். “அவங்களைக் கேக்கவா அவ்வளவு தூரம்?” என்றார். வருவார், எப்போதும் வருவார்.

தம்பிக்கு இந்த முறை நான் சிபாரிசு செய்தது வீடு. இருபது நிமிடத்தைக் கிலோமீட்டரால் வகுக்கிறவன் வந்தால் வழியெல்லாம் வகுத்துக்கொண்டே இருப்பான். அவன் மனைவி மட்டும் வருகிறாளாம், அவளுடைய அம்மாவோடு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

சித்திதான் இழுபறி. இரண்டு வருடமாக முட்டி மடங்குவதில்லை. டாக்டர் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். வீட்டிலேயே டிவியில் பாருங்கள், கூடவே பாடுங்கள் என்று நானும் அம்மாவும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். நேற்று ராத்திரி மறுபடி போன்.

“அந்த மடக்கு ஸ்டூல் இருக்குல்ல, ரேஷன் கடைக்கு எடுத்துட்டுப் போவியே, அது எவ்வளவு உயரம்?”

டேப் எடுத்து அளந்தேன். தரையிலிருந்து பதினான்கு அங்குலம்.

“சரி, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்காது” என்றாள். “பஞ்சமிக்கு முந்தின நாள் சாயங்காலம் வர்றேன். காலைல அஞ்சு மணிக்கு ஆட்டோ சொல்லி வை.”